முழங்கால் மூட்டில் நீர் எடுக்க: அழுத்தப் பட்டையும் இருதண்டு சிரிஞ்சும்

முழங்கால் வீங்கியிருக்கிறது. முட்டிச்சில்லை அழுத்தினால் கீழே போய் எலும்பில் தட்டி மேலே வருகிறது. ஊசியும் சரியான இடத்தில்தான் இறங்கியிருக்கிறது. ஆனால் பிளஞ்சரை (சிரிஞ்சின் தள்ளுதண்டை) எவ்வளவு இழுத்தாலும் சிரிஞ்சில் ஒன்றும் ஏறவில்லை. கேஸ் ஷீட்டில் 'டிரை டேப்' (குத்தியும் நீர் வரவில்லை) என்று எழுதிவிட்டுப் போவதற்கு முன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

முழங்கால் மூட்டின் உட்குழி ஒரே அறை அல்ல. சில்லுக்கு மேலே தொடைப் பக்கமாக நீளும் ஒரு பை, உள்பக்கமும் வெளிப்பக்கமும் இரண்டு ஓடைகள், பின்னால் ஒரு பள்ளம் என்று நீர் தங்கும் இடங்கள் பல. சிறிதளவே நீர் இருந்தால் அது இவற்றில் எங்கேயாவது ஒதுங்கி நிற்கும். நிறைய இருந்தாலும் எடுக்க எடுக்க உள்ளழுத்தம் குறைந்து, மிச்சம் இப்படி ஒதுங்கிவிடும். அந்த நேரத்தில் சிரிஞ்சை வேகமாக இழுத்தால் நீர் வராது. மூட்டின் உள்சவ்வோ கொழுப்புத் திண்டோ ஊசியின் வாயில் வந்து அடைத்துக்கொள்ளும். மேலும் இழுத்தால் மேலும் இறுகும். பாதி காலியான தண்ணீர் பாக்கெட்டில் ஸ்ட்ராவைப் போட்டு உறிஞ்சினால் பாக்கெட்தான் ஒட்டிக்கொள்ளும். மறுமுனையைப் பிடித்து அழுத்தினால் தண்ணீர் தானாக வரும். மூட்டிலும் அதுவே வழி: இழுப்பதைக் குறைத்து, பிதுக்குவதைக் கூட்டுவது.

இதற்கு உதவியாளரின் கைகளைப் பயன்படுத்துவது பழைய முறை. அது வேலை செய்யும். ஆனால் கைக்குக் கை அழுத்தம் மாறும், சீக்கிரம் தளரும், உதவியாளரின் விரல் ஊசிக்கு அருகிலேயே இருக்கும். அந்தக் கையின் இடத்தில் காற்றழுத்தப் பட்டையை வைக்கும் முறையை அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் வில்மர் சிபிட் என்ற வாதநோய் மருத்துவரும் அவருடன் பணியாற்றியவர்களும் விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு கையாலேயே ஏற்றவும் இறக்கவும் உதவும் இருதண்டு சிரிஞ்சும் அதே குழுவிலிருந்து வந்ததுதான். இரண்டையும் எப்படிக் கையாள்வது என்பதைப் புதிதாகக் கற்கும் மருத்துவர்களுக்காகவும், அவர்களுக்குத் துணைநிற்கும் செவிலியர்களுக்காகவும் இங்கே எழுதுகிறோம். முதல் சில முறை அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். நோயாளிகள் வீட்டில் செய்துபார்க்கும் வேலை அல்ல இது.

முதலில், செய்யலாமா?

ஊசி நுழையும் இடத்தில் தோல் சிவந்து, சூடாக, செல்லுலைட்டிஸ் (தோல் தொற்று) போல இருந்தால் அந்த வழியாகக் குத்தக் கூடாது. தோலில் உள்ள கிருமியை மூட்டுக்குள் நாமே கொண்டுபோய் விடுவோம். செயற்கை மூட்டு வைத்தவர் என்றால் வார்டில் கைவைக்காமல் எலும்பு முறிவுப் பிரிவுக்குச் சொல்லுங்கள். வார்ஃபரின் (இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்கு ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் எண்) 3-க்குள் இருந்தால் பொதுவாக மருந்தை நிறுத்தாமலே செய்யலாம். அதற்கு மேல் போனால் மூத்தவரைக் கேளுங்கள்.

பட்டைக்கென்று தனியாகச் சில தடைகள் உண்டு. காலில் ஆழ்சிரை இரத்த உறைவு இருக்கலாம் என்ற சந்தேகம், காலுக்கு இரத்த ஓட்டம் குறைந்த நோய், தொடையில் டயாலிசிஸுக்காக வைத்த கிராஃப்ட் (செயற்கை இரத்தக்குழாய்), எலும்பு முறிவு, தொட்டால் கிழியும் தோல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் பட்டை வேண்டாம். முழங்காலுக்குப் பின்னால் பேக்கர் நீர்க்கட்டி புடைத்திருந்தாலும் யோசிக்க வேண்டும். முன்னாலிருந்து அழுத்தும்போது நீர் அந்தக் கட்டிக்குள் தள்ளப்படலாம். கட்டி உடைந்தால் கெண்டைக்கால் வீங்கி, சிரை உறைவு போலவே தோன்றும்.

தேவையான பொருட்கள்

தொடை அளவு பி.பி. கஃப் (இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டை) ஒன்று. உள்ளே உள்ள ரப்பர்ப் பையின் அகலம் 16 முதல் 20 செ.மீ. வரை இருப்பது நல்லது. அழுத்தமானியும் கசிவில்லாத வால்வும் வேண்டும். ஊதி 100 மி.மீ. பாதரசத்தில் நிறுத்தி ஒரு நிமிடம் பாருங்கள், முள் இறங்கினால் வேறு கஃப் எடுங்கள். இதற்கென்றே செய்யப்பட்ட முழங்கால் பட்டை இருந்தால் அதில் ஊசிக்கான இடம் மட்டும் திறந்திருக்கும். அதைக் கால் நீட்டிய நிலையில் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் கவலையில்லை, பி.பி. கஃப்பே போதும்.

ஊசியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கேஜ் என்பது ஊசியின் தடிமனைக் குறிக்கும் எண்; எண் கூடினால் ஊசி மெல்லியது. 18 கேஜ் ஊசியின் உள்விட்டம் ஏறக்குறைய 0.84 மி.மீ., 21 கேஜின் உள்விட்டம் 0.51 மி.மீ. பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் குழாய் வழியே ஓடும் நீரின் அளவு உள் ஆரத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரே அழுத்தத்தில் 18 கேஜில் ஏழு மடங்கு வேகமாக வரும். கெட்டியான சீழும், ஃபைப்ரின் (உறைபுரதம்) துணுக்குகள் மிதக்கும் நீரும் 21-ல் வரவே வராமல் போகலாம். எனவே வீக்கம் பெரிதாக இருந்தாலோ, தொற்று என்று சந்தேகப்பட்டாலோ 18. தெளிந்த நீர் கொஞ்சமாக இருக்கும் என்று தோன்றினால் 21. நீளம் ஒன்றரை அங்குலம். நிறத்தைப் பார்த்து எடுப்பவர்கள் கவனிக்க: ஊசியில் 18 கேஜ் இளஞ்சிவப்பு, 21 கேஜ் பச்சை. ஐ.வி. கேனுலாவில் பச்சை என்றால் 18. அவசரத்தில் 'பச்சை கொடுங்க' என்று கேட்டு மெல்லிய ஊசியை வாங்கிக் குத்துவது நடப்பதுதான். எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்.

மற்றவை: 2 சதவீத குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் கரைசல் அல்லது போவிடோன் அயோடின், கிருமி நீக்கிய கையுறை, துளைத் துணி, 1 சதவீத லிக்னோகெயின் (மரத்துப்போகச் செய்யும் மருந்து) 3 முதல் 5 மி.லி., அதற்கு 5 மி.லி. சிரிஞ்சும் 25 கேஜ் ஊசியும், நீர் எடுக்க 10 அல்லது 20 மி.லி. சிரிஞ்சுகள், ஒரு த்ரீ-வே (மூன்று வழித் திருகு), ஒரு ஆர்ட்டரி ஃபோர்செப்ஸ் (பூட்டிக்கொள்ளும் இடுக்கி), மாதிரிக் குழாய்கள், காஸ், பிளாஸ்திரி. லிக்னோகெயின் 2 சதவீதம்தான் கிடைத்தால் சம அளவு நார்மல் சலைன் சேர்த்துக்கொள்ளலாம்.

50 மி.லி. சிரிஞ்சை எடுக்கத் தோன்றும்; வேண்டாம். சிரிஞ்சில் வெற்றிடம் உண்டாக்கத் தேவைப்படும் விசை, குழலின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. முழு வெற்றிடத்துக்குக் கணக்குப் போட்டால் 10 மி.லி. சிரிஞ்சில் சுமார் 1.7 கிலோ, 50 மி.லி. சிரிஞ்சில் கிட்டத்தட்ட 6 கிலோ. அவ்வளவு தூரம் யாரும் இழுப்பதில்லை என்றாலும் விகிதம் அதேதான். ஒரு கையால் 50 மி.லி. சிரிஞ்சை இழுப்பவரின் ஊசி முனை உள்ளே அலைபாயாமல் இருக்காது. நோயாளி முகம் சுளிப்பது பெரும்பாலும் அதனால்தான்.

காலை நீட்டியா, மடக்கியா?

கால் நீட்ட முடிந்தவருக்கு நீட்டிய நிலையே முதல் தேர்வு. மல்லாந்து படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் சிறு துண்டுச் சுருளை வையுங்கள். தொடைத் தசை தளர்ந்தால்தான் சில்லு நகரும். சில்லின் மேல்வெளி மூலையிலிருந்து 1 செ.மீ. மேலே, 1 செ.மீ. வெளியே குறியிட்டு, சில்லுக்கு அடியில் செல்லும்படி 45 பாகைச் சரிவில் ஊசியைச் செலுத்துவது வழக்கமான வழி. இதில் திறப்புள்ள பட்டையோ உதவியாளரின் கையோ உள்பக்கத்தையும் சில்லின் கீழ்ப்பக்கத்தையும் அழுத்த வேண்டும்.

முழங்கால் மடங்கியே இறுகிப்போனவர்களுக்கும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் மடக்கிய நிலை தவிர வேறு வழியில்லை. இந்த நிலையில் நீர் மேல்பையிலும் பின்பக்கமும் ஒதுங்குவதால் முன்பக்க வழியில் கிடைப்பது குறைவு. பி.பி. கஃப் மிகப் பெரிய உதவி செய்வது இங்கேதான். மேல்பையைப் பிதுக்கி, நீரை முன்கீழ்ப் பக்கம் கொண்டுவந்துவிடும். கீழே உள்ள படிகள் இந்த நிலைக்கானவை.

படிகள்

1. நோயாளியைப் படுக்க வைத்து, முழங்கால் மேசை விளிம்பில் மடங்கிக் கால் தொங்கும்படி செய்யுங்கள். உட்கார வைத்தும் செய்யலாம். ஆனால் ஊசியைப் பார்த்ததும் மயங்கிச் சாய்பவர்கள் உண்டு.

2. கஃப்பின் கீழ் விளிம்பு சில்லின் மேல் ஓரத்தைத் தொடும்படி சுற்றுங்கள். இதுதான் உயிர்நாடி. மேல்பை சில்லுக்கு மேலே மூன்று நான்கு விரல் உயரத்துக்குத்தான் இருக்கிறது. இரத்த அழுத்தம் பார்க்கும் பழக்கத்தில் நடுத்தொடையில் சுற்றினால் தசை நசுங்குமே தவிர மூட்டில் எதுவும் நகராது. சில்லின் மேலேயே சுற்றினால் சில்லு தொடை எலும்போடு அழுந்தி, நீர் இறங்கும் பாதையே மூடிக்கொள்ளும். தொடை கீழே வரவரக் குறுகுவதால், ஊதும்போது கஃப் முழங்காலை நோக்கி நழுவும். மேல் விளிம்பைப் பிளாஸ்திரியால் தோலோடு ஒட்டிவிடுங்கள். குழாய்கள் மேல்நோக்கி இருக்கட்டும்.

3. ஒருமுறை 100 மி.மீ. பாதரச அளவுக்கு ஊதிப் பாருங்கள். சில்லுத் தசைநாணின் இருபுறமும் உள்ள பள்ளங்கள் புடைத்தால் நீர் இறங்கியிருக்கிறது. அந்த நிலையிலேயே, தசைநாணுக்கு வெளிப்பக்கம் உள்ள பள்ளத்தில், கீழ்க்கால் எலும்பின் மேல்விளிம்புக்கு ஏறத்தாழ 1 செ.மீ. மேலே குறியிடுங்கள். ஊதிய பிறகு தோல் சற்று நகர்ந்திருக்கும் என்பதால் முன்பே வைத்த குறி தவறிப்போகலாம். பேனா மை துடைத்தால் போய்விடும். பேனா மூடியின் வட்டத்தை அழுத்திப் பதித்தால் போகாது. பிறகு காற்றை விட்டுவிடுங்கள்.

4. தோலைச் சுத்தம் செய்து முழுதும் உலர விடுங்கள். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலுக்கு 30 வினாடியாவது, அயோடினுக்கு இரண்டு நிமிடம். கஃப் கிருமி நீக்கியதல்ல. அதைத் துணியால் மூடி, ஊதும் பல்பை உதவியாளரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் அதைத் தொடக் கூடாது.

5. தோலிலும் மூட்டு உறை வரையிலும் லிக்னோகெயின் போடுங்கள். மூட்டுக்குள் போட வேண்டாம். அந்த மருந்துக்கே கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் குணம் கொஞ்சம் உண்டு, கல்ச்சர் (கிருமி வளர்ப்புப் பரிசோதனை) கெட்டுவிடும். மரத்துப்போக ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள். பலர் இந்தக் காத்திருப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

6. நீர் குறைவாக இருக்கும் என்று தோன்றினால் ஊசி போடும் முன்பே 100-க்கு ஊதச் சொல்லுங்கள். குத்தும் இடம் புடைத்து ஊசிக்கு இடம் கிடைக்கும். வீக்கம் பெரிதாக இருந்தால் ஊதாமல் தொடங்கி, ஓட்டம் நின்ற பிறகு ஊதலாம். அப்படி நடுவில் ஊதும்போது நோயாளியிடம் முன்கூட்டிச் சொல்லுங்கள். திடீரென்று தொடை இறுகினால் கால் உதறும். சிரிஞ்சு பிடித்த கையின் விளிம்பை அவர் காலின் மீதே ஊன்றியிருந்தால் கால் அசைந்தாலும் ஊசி கூடவே அசையும், உள்ளே கீறாது.

7. ஊசியை உள்நோக்கி, தொடை எலும்பின் இரு குமிழ்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தைப் பார்த்து மெதுவாகச் செலுத்துங்கள். லேசாக இழுத்துக்கொண்டே போனால் உறையைக் கடந்ததும் நீர் தெரியும். தெரிந்த இடத்தில் நின்றுவிடுங்கள். எலும்பில் இடித்தால் சற்றுப் பின்வாங்கித் திசை மாற்றுங்கள். குருத்தெலும்பைக் கீறிக்கொண்டே தேட வேண்டாம்.

8. பட்டை ஊதியிருக்கும் நேரத்தை ஐந்து நிமிடத்துக்குள் வையுங்கள். 100 என்பது பெரும்பாலானவர்களின் மேல் இரத்த அழுத்தத்துக்குக் கீழே இருப்பதால் தமனி ஓட்டம் தொடரும், ஆனால் சிரை அடைபட்டிருக்கும். காலில் இரத்தம் தேங்கும். மேல் அழுத்தமே 100, 110 உள்ளவர்களுக்கு 80-க்கு மேல் போகாதீர்கள். பாதம் நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால் உடனே காற்றை விடுங்கள்.

இருதண்டு சிரிஞ்சு

சாதாரண சிரிஞ்சால் தள்ளுவது எளிது, ஒரு கையால் இழுப்பது கடினம். கட்டைவிரல் பிளஞ்சரின் தலையிலிருந்து அதன் அடிப்பக்கத்துக்கு மாற வேண்டும், மற்ற விரல்களும் இடம் மாற வேண்டும். அந்த மாற்றத்தில் ஊசி முனை முன்னே போய்விடும் அல்லது வெளியே வந்துவிடும்.

இருதண்டு சிரிஞ்சில் முக்கியக் குழலை ஒட்டி இன்னொரு தண்டு இணையாக இருக்கும். இரண்டும் எதிர்எதிராக இணைக்கப்பட்டவை. ஒன்று உள்ளே போனால் மற்றது வெளியே வரும். முக்கியத் தண்டை அழுத்தினால் மருந்து போகும், பக்கத் தண்டை அழுத்தினால் நீர் ஏறும். இரண்டுக்கும் தள்ளும் அசைவுதான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிடித்த இடத்திலேயே நிற்க, கட்டைவிரல் மட்டும் பக்கவாட்டில் நகர்கிறது. அதனால் மற்றொரு கை காலியாகிறது: மூட்டைத் தடவிப் பார்க்கலாம், அழுத்தலாம், அல்ட்ராசவுண்ட் புரோபைப் பிடிக்கலாம்.

பழகாமல் நோயாளியிடம் எடுத்துப்போகாதீர்கள். கிண்ணத் தண்ணீரில் ஏற்றி இறக்கி, பார்க்காமலே கட்டைவிரல் சரியான தண்டுக்குப் போகும் வரை பழகுங்கள். தொடக்கத்தில் குழல் காலியாக இருக்கும்போது பக்கத் தண்டு மட்டுமே நீட்டிக்கொண்டிருக்கும், தவற வழியில்லை. பாதி ஏறிய நிலையில் இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கும். குழப்பம் அங்கேதான் வரும். தவறானதை அழுத்தினால் எடுத்த நீர் திரும்ப மூட்டுக்குள் போகும். ஊசியைப் பொருத்துவதற்கு முன் இரு தண்டுகளையும் ஒருமுறை முழுதாக அசைத்துவிடுங்கள். உறையிலிருந்து எடுத்த புது சிரிஞ்சில் ரப்பர் ஒட்டியிருக்கும்; முதல் தள்ளலில் வெடுக்கென்று நகரும்.

10 மி.லி. சிரிஞ்சால் 60 மி.லி. எடுப்பது எப்படி? ஊசிக்கும் சிரிஞ்சுக்கும் நடுவில் த்ரீ-வே வையுங்கள். முதல் 10 மி.லி.யைப் பரிசோதனைக்கு ஒதுக்கி, பிறகு வருவதை ஏற்றி, திருப்பி, பக்கவழியே கிண்ணத்தில் விட்டு, மீண்டும் ஏற்றலாம். திருகின் கை எந்தப் பக்கம் பார்த்தால் எந்த வழி மூடும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். முன்னதாகத் தட்டிலேயே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். த்ரீ-வே இல்லாமல் சிரிஞ்சை மாற்றுவதானால் ஊசியின் அடிப்பகுதியை ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் பிடித்துக்கொண்டு திருகுங்கள். ஊசியை முன்பே அதிகம் இறுக்கி மாட்டியிருந்தால் இந்த இடத்தில்தான் வருந்த நேரிடும்.

வரவில்லை என்றால்

நன்றாக வந்துகொண்டிருந்து சட்டென்று நின்றால் சவ்வு அடைத்திருக்கிறது. இழுப்பதை நிறுத்துங்கள். ஊசியைக் கால் சுற்று திருப்பி, அரை மி.லி. நீரைத் திரும்ப உள்ளே தள்ளி, பிறகு மெல்ல இழுங்கள். தொடக்கத்திலிருந்தே எதுவும் இல்லையென்றால் அழுத்தமானியைப் பாருங்கள், பிறகு கஃப்பின் இடத்தைப் பாருங்கள். தொடை மிகப் பருமனாக இருந்தால் ஒன்றரை அங்குல ஊசி மூட்டை எட்டியே இருக்காது. எல்லாம் சரியாக இருந்தும் வராவிட்டால் நீர் தடுப்புகளுக்குள் சிக்கியிருக்கலாம், அல்லது வீக்கம் மூட்டுக்கு வெளியே சில்லின் முன்னுள்ள பையில் இருக்கலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் வைத்துப் பாருங்கள். திரும்பத் திரும்பக் குத்தாதீர்கள்.

சிவப்புக் கோடுகளாக வந்து போகப்போகத் தெளிந்தால் ஊசி கீறிய இரத்தம். ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே சீராகச் சிவந்து, உறையாமலும் இருந்தால் மூட்டுக்குள் ஏற்கெனவே கசிந்த இரத்தம். அடிபட்டவரின் நீரில் மேலே எண்ணெய்த் துளிகள் மிதந்தால் எலும்பு முறிவு மூட்டுக்குள் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் சி.டி. அனுப்புங்கள்.

எடுத்த நீர்

செல் எண்ணிக்கைக்கு ஊதா மூடி போட்ட இ.டி.டி.ஏ. குழாய். கிராம் சாயத்துக்குக் கிருமி நீக்கிய கலன். கல்ச்சருக்கு அதே கலனோடு, இரத்தக் கல்ச்சர் பாட்டிலிலும் கொஞ்சம் விடுவது நல்லது. படிகம் பார்க்க உடனே ஸ்லைடு போடுவதே சிறந்தது. நேரமாகும் என்றால் சோடியம் ஹெபாரின் குழாயைப் பயன்படுத்துங்கள். லித்தியம் ஹெபாரின் தானே படிகமாகித் தவறாகக் காட்டக்கூடும். ஒரு சொட்டுதான் கிடைத்தது என்றால் கல்ச்சருக்கும் படிகத்துக்கும் கொடுங்கள், மற்றவை அப்புறம்.

கன மி.மீ.க்கு 2,000 வெள்ளணுக்களுக்குள் இருந்தால் தேய்மானம் போன்ற அழற்சியற்ற காரணம்; 2,000 முதல் 50,000 வரை அழற்சி; 50,000-ஐத் தாண்டினால் தொற்று என்று கருதியே நடக்க வேண்டும். எல்லைகள் கறாரானவை அல்ல. கௌட் (யூரேட் படிகங்களால் வரும் மூட்டழற்சி) நீரும் 50,000-ஐத் தாண்டும். தொடக்கநிலைத் தொற்று அதற்குக் கீழே நிற்கும். யூரேட் படிகம் கண்ணில் பட்டுவிட்டது என்பதற்காகக் கல்ச்சரை ரத்து செய்யாதீர்கள், இரண்டும் ஒரே மூட்டில் இருக்கலாம். நீர் கலங்கலாக வந்தால் முடிவு தெரியும் வரை ஸ்டீராய்டு ஊசி போடவே கூடாது.

முடித்த பின்

முதலில் காற்றை விடுங்கள், அப்புறம் ஊசியை எடுங்கள். மாற்றிச் செய்தால் உள்ளழுத்தத்தில் நீர் துளை வழியே கசிந்து துணியை நனைக்கும். காஸ் வைத்து இரண்டு நிமிடம் அழுத்தி, பிளாஸ்திரி போட்டு, பாதத்தின் நிறத்தையும் நாடியையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்த அளவு, நிறம், தெளிவு, பட்டையின் அழுத்தம், ஊதியிருந்த நேரம் எல்லாம் ஷீட்டில் வர வேண்டும்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒரு நாள் அதிகம் நடக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வலி, திரும்பவும் பெரிய வீக்கம் வந்தால் அன்றே வர வேண்டும். கெண்டைக்கால் வீங்கினாலும் அப்படியே. ஊசி போட்டதால் தொற்று வருவது மிக அரிது, பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவில்தான் சொல்லப்படுகிறது. ஆனாலும் வந்தால் மூட்டையே அழித்துவிடும். கஃப்பின் துணியையும் குழாயையும் கிருமிநாசினியால் துடைத்து உலரவைத்துத் திருப்பிக் கொடுங்கள். மூட்டு நீர் சிந்தியிருந்தால் துடைத்தால் மட்டும் போதாது, உறையைக் கழற்றித் துவைக்க அனுப்ப வேண்டும்.